பின் கேட்டுச் சாவி

அரைஞாண் கயிறு அறுபடவில்லை. குளிப்பாட்ட உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் கத்தியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இறந்தவருக்கு அவர் பெரியப்பா மகன், அண்ணன் முறை.

"வேற கத்தி இருந்தா குடும்மா. இது தக்காளிகூட அறுக்காது."

செல்வலட்சுமி அடுக்களைக்குள் போய்த் தேங்காய் கீறுகிற கத்தியை எடுத்து வந்து கொடுத்தாள். கத்தி மொட்டையாக இருக்கிறது என்று வாழ்நாளெல்லாம் அவளைத் திட்டிய மனுஷனுக்குக் கடைசியிலும் மொட்டைக் கத்திதான் வாய்த்திருக்கிறது. பின்முற்றத்து பெஞ்சில் கிடந்த ஐயாதுரையின் மேல் ஊற்றிய தண்ணீர் வழிந்து அவள் காலடிவரை வந்தது. அவள் நகர்ந்து நின்றுகொண்டாள்.

இந்த முறை கயிறு அறுந்தது. அறுந்த கயிற்றோடு ஒரு சாவி சிமென்டுத் தரையில் விழுந்தது. கறுத்துப்போன பித்தளைச் சாவி. காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்திருந்த மகன் விக்னேஷ்வரன் குனிந்து அதை எடுத்தான்.

"என்ன சாவிம்மா இது?"

"பின் கேட்டுச் சாவி."

அவனுக்குப் புரியவில்லை. பீரோச் சாவியை டிவி மேலே போட்டுவிட்டுத் தூங்குகிறவர் அப்பா. நகரின் மேற்குக் கோடியில் துருப்பிடித்து நிற்கிற இரும்பு கேட்டின் சாவியை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அந்தக் கேட்டைத் தாண்டினால் ஓடை. ஓடையைத் தாண்டினால் சுடுகாடு. பசுஞ்சோலை நகரில் யார் வீட்டில் பிணம் விழுந்தாலும், அவர்கள் ஐயாதுரை வீட்டு வாசலில் வந்து கைகட்டி நின்று சாவி கேட்க வேண்டும். சட்டையைத் தூக்கி, வேட்டியைத் தளர்த்தி, கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் கொடுக்கிற தோரணையைப் பார்த்தால் கோயில் நகைப் பெட்டியைத் திறந்துவிடுகிறார் என்று நினைக்கத் தோன்றும்.

செல்வலட்சுமி மகன் கையிலிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உங்கப்பா பின் வழியாத்தான் போகணும்" என்றாள்.

"என்னம்மா பேசுற? சங்கத்துல எட்வின் சார்லாம் நகர் முகப்பு வளைவு வழியான்னு தீர்மானமே போட்டிருக்காங்க."

"தீர்மானத்த அவிய வச்சிக்கிடட்டும். கருத்தையா போன வழியில இவிய போகட்டும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு சோப்புப் போட ஆரம்பித்தார். செல்வலட்சுமியின் தம்பி கருத்தையாவின் பெயர் அந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ராஜபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் இருக்கிறது பசுஞ்சோலை நகர். ரிட்டயரான வாத்தியார்கள், மில் அதிகாரிகள், பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருப்பவர்கள் என்று நாலு காசு பார்த்தவர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம். தெருக்களுக்கெல்லாம் மரத்தின் பெயர், பூவின் பெயர். மகிழந்தெருவில் மகிழமரம் கிடையாது. வேப்பந்தெருவில் இருந்த ஒரே வேம்பையும் குப்பை கொட்டுகிறது என்று வெட்டிவிட்டார்கள். மயில் வந்து துளசியைத் தின்கிறது என்று ஒரு கூட்டம், குரங்கு வந்து டேங்க் மூடியைத் திறக்கிறது என்று ஒரு கூட்டம், அணில் வயரைக் கடிக்கிறது என்று ஒரு கூட்டம். மலையைப் பார்த்து வாசல் வைத்தவர்கள் அத்தனை பேரும் மலையிலிருந்து எதுவும் இறங்கி வரக் கூடாது என்று நினைத்தார்கள்.

இப்போது அத்தனை பேரும் வாடகை நாற்காலிகளில் வீட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 'பசுஞ்சோலையின் சிற்பியே' என்று ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. சங்கச் செயலாளர் எட்வின் எழுந்து நின்று பேசினார். ரிட்டயரான தலைமையாசிரியர். நல்ல மனுஷன்தான், ஆனால் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பேசாமல் இருக்க முடியாது.

"தலைவர் ஐயாதுரை வரும்போது இங்க என்ன இருந்துச்சு? வெறும் பொட்டக்காடு. பாம்பும் நரியும்தான் இருந்துச்சு. இன்னைக்கு ரோடு இருக்கு, லைட்டு இருக்கு, வளைவு இருக்கு, பிள்ளையார் இருக்காரு. பிரேதம் வளைவு வழியாப் போகக் கூடாதுங்கிறது நகரோட விதி. ஆனா அந்த வளைவக் கட்டினவருக்கு அது பொருந்தாதுன்னு காலையில எல்லாரும் ஏகமனதாக் கையத் தூக்கியிருக்கோம்."

ஏகமனதாகக் கை தூக்கியவர்கள் தலையை ஆட்டினார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. பேச்சு எட்வினுடையது அல்ல. ஐயாதுரை ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும், புதிதாகக் குடிவருகிற ஒவ்வொருவர் வீட்டுப் பால்காய்ப்புக்கும் சொன்ன அதே பொட்டக்காடு, அதே பாம்பு, அதே நரி. செத்த பிறகும் அவர் வாய் மூடவில்லை.

அந்தப் பொட்டக்காடு அவள் அப்பாவுடைய மாந்தோப்பு.

தோப்பு ஒன்றும் தேவலோகம் இல்லை. சீசனில் எங்கே பார்த்தாலும் அழுகிய சப்பட்டை மாம்பழமும் ஈயும். கிணற்றடியில் தேள். அப்பா குடித்துவிட்டு வவ்வால்களைக் கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டு கட்டிலில் கிடப்பார். அதை நினைத்து உருகுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை. ஆனால் அது பொட்டக்காடும் இல்லை. மில் சூப்பர்வைசர் மாப்பிள்ளை என்று தோப்புக்குள் காலெடுத்து வைத்த ஐயாதுரை, மனை போடுகிறவர்களைக் கையோடு கூட்டிவந்து, மாமனார் நிதானத்தில் இல்லாத ஒரு மத்தியானத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். மரங்களை வெட்டிய அன்றைக்கு அவள் தம்பி கருத்தையா கடைசி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் பசித்ததும் அவனே இறங்கி வந்துவிட்டான். அவன் வீரம் அவ்வளவுதான்.

பிறகு அவன் அக்காள் வீட்டில், மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் காலத்தைத் தள்ளினான். நகருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையை அத்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். காலையில் வால்வைத் திறப்பான், மாலையில் குடிப்பான். கல்யாணம் இல்லை. முல்லைத் தெருவுக்குள் ஏன் மழைக்கு மழை தண்ணீர் வருகிறது என்று சங்கத்தில் மண்டையை உடைத்துக்கொண்டபோது, அவன்தான் வாசலில் நின்று சொன்னான், தோப்புக்கு நடுவே ஓடை அப்படித்தான் வரும், அதன் மேல்தான் தெரு போட்டிருக்கிறீர்கள் என்று. குடிகாரன் பேச்சு என்று விரட்டினார்கள். அந்த ஓடையைத்தான் மனை போட்டவர்கள் மேற்கு ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். கடைசியில் ஐயாதுரை, 'ஓடையானது நகருக்குள் ஆக்கிரமிப்பு செய்கிறது' என்று மனு எழுதினார். படித்த கூட்டம், அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

வளைவும் பிள்ளையாரும் வந்த வருஷம்தான் பிரேத விதியும் வந்தது. பிள்ளையார் பார்வையில் பிணம் போகக் கூடாது, பின் கேட் வழியாக ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும். வசதியான வீடுகளில் யாரும் இங்கே சாகவில்லை. அவர்கள் மதுரைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் செத்து, அங்கிருந்து நேராக மயானத்துக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். அதனால் அந்த வழியாக முதலில் போனவன் கருத்தையா. பிறகு தெரு கூட்டுகிற மாரியாத்தாளின் புருஷன். பிறகு வாடகைக்கு இருந்த ஒன்றிரண்டு பேர்.

கருத்தையா போனது ஐப்பசி மாதம். மலை தெரியாத அளவுக்கு மழை. கேட்டுக்கு வெளியே முள்ளும் நகரின் குப்பையும். சுமந்தவர்கள் ஓடையில் இறங்குகிறபோது கருவேல வேரில் ஒருவன் கால் தட்டியது. பாடை சரிந்தது. கருத்தையா குப்புற விழுந்து ஓடையில் கொஞ்ச தூரம் போனான். இரண்டு பேர் ஓடிப் போய்ப் பிடித்து இழுத்தார்கள். கேட்டருகே நின்ற செல்வலட்சுமி அதைக் கண்ணால் பார்த்தாள். அவள் பக்கத்தில் குடைபிடித்து நின்ற ஐயாதுரை, சங்கத்து ஆட்களைப் பார்த்து, "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். என் மச்சினனுக்கே இதான் வழி, பாத்துக்கோங்க" என்றார். அவருடைய நேர்மையை அவர்கள் பலநாள் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "ஒரு காப்பி போடு. குளுருது" என்றார்.

"சாவு விழுந்த வீட்டுல இன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கக் கூடாதே."

"அது உங்க வீட்டுச் சாவு. நம்ம வீட்டு அடுப்புக்கு என்ன வந்துச்சு? சீனி கம்மியாப் போடு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சீனி கம்மியாகப் போட்டாள். அதற்குப் பிறகும் அவருக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கூட்டத்துக்கு வேட்டி தேய்த்துக் கொடுத்தாள். மரியாதையை மட்டும் நிறுத்திவிட்டாள். அது நின்றுபோனதை அவர் கண்டுபிடிக்கவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நடைப்பயிற்சி போனவர் வளைவுக்கு அடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கி வந்து போட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. விடியும்வரை அதையே நினைத்துக்கொண்டு இருந்தாள். விடிகிற நேரத்தில் மேற்கே எங்கோ ஜேசிபி ஓடுகிற சத்தம் கேட்டது. நாளை மறுநாள் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம், அந்த வேலையாக இருக்கும் என்று நினைத்தாள்.

குளிப்பாட்டி முடித்து, புது வேட்டி கட்டி, ஐயாதுரையை முன்னறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். விக்னேஷ்வரன் அம்மாவிடம் பேசவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பெண்கள் வட்டம் கூட்டி அழுதார்கள். அவர்களில் பாதிப் பேர் தலைவர் சைக்கிள் நிறுத்தக் கூடாது என்றார், துணி காயப்போடக் கூடாது என்றார் என்று அவரைத் தினமும் சபித்தவர்கள். பக்கத்துத் தெரு யோகேஸ்வரி ஃப்ளாஸ்கில் காப்பியோடு வந்தாள். பேண்டேஜ் துணி கம்பெனி முத்துக்குமரனின் மனைவி. முத்துக்குமரன் சங்கத்துக்குப் பொருளாளர், கும்பாபிஷேகக் கமிட்டிக்குத் தலைவர். யோகேஸ்வரி செல்வலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்கருகே குனிந்தாள்.

"அக்கா, செத்த பின்பக்கம் வாங்க. எங்க வீட்டுல அவிய ஒரு வார்த்தை பேசணுமாம்."

பின்பக்கக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே முத்துக்குமரன் ஒரு செங்கல் மேல் ஏறி நின்றிருந்தான். சுவருக்கு மேலே தலையும், மஞ்சள் காப்பு கட்டிய கையும் தெரிந்தன. சுவரில் கை பட்டுவிடாமல் அந்தக் கையைத் தூக்கி வைத்திருந்தான்.

"மதினி, உள்ள வரக் கூடாது, காப்பு கட்டியிருக்கேன். தப்பா நெனைச்சுராதீக. அண்ணன் மூஞ்சியப் பாக்கக்கூடக் குடுத்து வைக்கல."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணன மாதிரி ஒருத்தர் இனிமே பொறந்துதான் வரணும். அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா பாருங்க, யாகசாலை போட்டாச்சு. பூசை தொடங்கியாச்சு. வளைவு வழியாத் தூக்கினா பொறவு எல்லாத்தையும் மொதல்ல இருந்து பண்ணணும்னு ஐயரு சொல்லுதாரு."

"ஏகமனதாத் தீர்மானம் போட்டீகளே."

"எட்வின் சாருக்கு என்ன, அவரு கோயிலா? சபையில கையத் தூக்குங்கன்னு கேட்டா தூக்காம எப்படி இருக்க? நான் வெளிய நின்னுக்கிட்டே தூக்கினேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இதே வார்த்தை உங்க வாயில இருந்து வந்தா கதையே வேற. 'அவிய போட்ட ரூல அவிய மீற மாட்டாக, பின் வழியாத்தான் போவாக'ன்னு நீங்க சொல்லிட்டீகன்னு வைங்க. அண்ணனுக்கும் பெருமை, உங்களுக்கும் பெருமை. அந்தப் பாதைக்கே அண்ணன் பேர வச்சிருவோம்."

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாதிரி அவன் பேசிக்கொண்டே போனான். காலையிலிருந்து எதை அவள் மகனோடு சண்டை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, அதையே இவன் செங்கல் மேல் நின்று கெஞ்சிக் கேட்கிறான். அவள் இடுப்பில் சாவி உறுத்தியது.

"பாதை முள்ளும் குப்பையுமால்லா கெடக்கும்" என்றாள்.

"அதெல்லாம் வெள்ளனத்துலயே அந்தப் பக்கமா ஜேசிபிய விட்டுச் சுத்தம் பண்ணியாச்சு மதினி. ஓடைக்குள்ள குழாயப் போட்டு மண்ண நெரப்பிட்டோம். கார்கூடப் போகும். பிளீச்சிங் பவுடரும் போட்டாச்சு. சாவிதான் அண்ணன்கிட்ட இருந்துச்சு, அது மட்டும் கெடைச்சாப் போதும்."

விடியற்காலை ஜேசிபிச் சத்தம் அவளுக்கு இப்போது விளங்கியது. ஒருவரும் மாலை வாங்கி வருவதற்கு முன்னால், ஒருவரும் எப்படி நடந்தது என்று கேட்பதற்கு முன்னால், ஜேசிபிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்து ஏகமனதாகக் கையைத் தூக்கியிருக்கிறார்கள்.

"கருத்தையாவுக்கு ஒரு முள்ளு வெட்ட ஆள் வரலையே தம்பி" என்றாள்.

முத்துக்குமரன் நெற்றியைச் சுருக்கினான்.

"எந்தக் கருத்தையா, மதினி?"

அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அன்றைக்கு ஐயாதுரையின் குடைக்குள் நின்றவர்களில் இவனும் ஒருவன். இவன் வீட்டுத் தொட்டிக்குப் பல வருஷம் தண்ணீர் திறந்துவிட்டவன் அவன். செல்வலட்சுமி உள்ளே போனாள். "சரிங்களா மதினி? நான் சொன்னது சரிங்களா?" என்று சுவருக்கு மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

முன்னறையில் ஐயாதுரை கண்ணாடிக்குள் கிடந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முத்துக்குமரன் கம்பெனியில் நெய்த துணிதான், பண்டல் பண்டலாக இலவசமாக அனுப்பியிருந்தான். இந்தக் கூட்டத்துக்காகவா மனுஷா நீ மச்சினனை ஓடையில் போட்டாய் என்று கேட்கத் தோன்றியது. இவர்களுக்குத் தெரு போட்டு, லைட்டு போட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் பொட்டக்காட்டுக் கதை சொல்லி, வாங்கிய சால்வைகளை நாப்தலின் உருண்டை போட்டுப் பெட்டியில் அடுக்கினாயே. அத்தனைக்கும் ஒரு ராத்திரிகூடப் பொறுக்காமல் உன்னைப் பின்வாசலில் தள்ளப் பார்க்கிறார்கள். அது உனக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இருந்தது.

கருத்தையா போன வழி இனி இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கார் போகிற பாதையில், பிளீச்சிங் பவுடர் மேல், 'ரூலை மீறாத தலைவர்' என்ற பெயரோடு இவரை அனுப்பி வைப்பதா தண்டனை? அதைவிடப் பெரிய பரிசு அவருக்கு யாரும் கொடுக்க முடியாது. உயிரோடு இருந்தால் அவரே அதைக் கேட்டு வாங்கியிருப்பார்.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். புருஷன் செத்த பெண் அப்படி வந்து நிற்பதைப் பார்த்து நாற்காலிகள் அமைதியாயின.

"எட்வின் சார்."

"சொல்லுங்கக்கா."

"வளைவு வழியாப் போகலாம்னு தீர்மானம் போட்டது நெசந்தானா?"

"நெசந்தான்க்கா. எல்லாரும் கையத் தூக்கினாங்க."

"சந்தோஷம். அப்ப அந்த வழியாத்தான் போகணும்." அவள் நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தாள். பலர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னொண்ணு. தலைவருன்னு இவியளுக்கு மட்டும் ஒரு சட்டம் வேண்டாம். இன்னைக்கு இவிய போனா, நாளைக்கு மாரியாத்தா போனாலும் அந்த வழிதான். அதையும் இப்பவே கையத் தூக்கிச் சொல்லிருங்க."

தெருமுனையில் துடைப்பத்தோடு நின்ற மாரியாத்தாள், "நான் எதுக்கும்மா இப்பச் சாகணும்?" என்றாள். யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

எட்வின் எழுந்து நின்றார். பிறகு கையை உயர்த்தினார். வாத்தியார் கையைத் தூக்கிவிட்டதால் மற்றவர்களுக்கு வேறு வழி இல்லை. ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன.

விக்னேஷ்வரன் அவளை உள்ளே இழுத்தான். "நீதானம்மா காலையில பின் வழின்னு அந்தச் சண்டை போட்ட?"

"காலையில சொன்னேன். இப்ப இதச் சொல்லுதேன்."

"சரி, சாவியக் குடு. முத்துக்குமரன் அண்ணன் ஃபோன் மேல ஃபோன் போடுறாரு."

"காணல."

"இப்பதான உன் இடுப்புல..."

"காணலய்யா. எங்கயோ விழுந்துருச்சு."

மத்தியானம் தூக்கினார்கள். முல்லைத் தெரு வழியாக, வேப்பந்தெரு வழியாக, யார் பிணமும் போகாத தெருக்கள் வழியாக ஐயாதுரை போனார். வளைவுக்குப் பக்கத்தில் பிள்ளையாரைச் சுற்றி அவசர அவசரமாகப் படுதா கட்டினார்கள். பக்திப் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். யாகசாலைக் குடங்கள் மேல் போர்வையைப் போட்டார்கள். யோகேஸ்வரி வீட்டு மாடி ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. பந்தலில் கட்டியிருந்த மாவிலை அத்தனையும் வத்திராயிருப்பிலிருந்து லாரியில் வந்தது. மாந்தோப்பை அழித்துக் கட்டின நகரில் தோரணம் கட்ட ஒரு மாவிலை கிடையாது.

வளைவோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். சங்குச் சத்தம் ரோட்டில் தேய்கிறவரை செல்வலட்சுமி நின்றாள். வளைவின் உச்சியில் சிமென்டில் புடைத்து நின்ற 'உபயம்' என்ற எழுத்துக்கும் அவர் பெயருக்கும் நடுவே காக்கை எச்சம் வழிந்திருந்தது.

"வாங்க, தலை முழுகணும்" என்று பெண்கள் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேற்கே நடந்தாள். மாரியாத்தாள் மட்டும் பின்னாலேயே வந்தாள்.

பூட்டில் சாவி சுலபமாகச் சுற்றியது. அவர் மாதாமாதம் எண்ணெய் விட்டு வைத்திருந்தார். கேட்டைத் தள்ளியதும் எதிரே மலை முழுசாகத் தெரிந்தது. கேட்டிலிருந்து சுடுகாட்டுக் கொட்டகைவரை செம்மண் பாதை சமமாகக் கிடந்தது. இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர். முள் இல்லை, குப்பை இல்லை, கருவேலமரமும் இல்லை. தூரத்தில் கொட்டகையருகே ஆட்கள் கூடுவது தெரிந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் நடந்தாள்.

"என்னம்மா தேடுதீக?"

"கருத்தையா விழுந்த எடம். இங்ஙனயா, இன்னும் அங்ஙன தள்ளியா?"

மாரியாத்தாளும் தேடினாள். அவளுக்கும் தெரியவில்லை. "வேரு இருந்தாச் சொல்லிரலாம்மா. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டானுக" என்றாள்.

மண்ணுக்கடியில் போட்டிருந்த சிமென்டுக் குழாயின் வாயிலிருந்து ஓடை கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. செல்வலட்சுமி இறங்கி அதன் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஊற்றினாள்.

"அம்மா, அது சாக்கடைத் தண்ணிம்மா."

"மலைத் தண்ணிதான்டி" என்றாள். மறுபடியும் அள்ளி ஊற்றினாள். தோள் குலுங்கியது. குளிருக்காக இருக்கும் என்று நினைத்து மாரியாத்தாள் மேலே நின்றாள்.

வீட்டுக்கு வரும்போது அவள் கேட்டைப் பூட்டவில்லை. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு விக்னேஷ்வரன் மொட்டைத் தலையோடு, ஈரவேட்டியோடு பின்வாசல் வழியாக வந்தான். கால் முழுக்கச் செம்மண். அடுக்களைப் படியில், அவன் அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான்.

"பின் கேட்டு தொறந்து கெடக்கும்மா. சாவி அதுலயே தொங்குது."

"கெடக்கட்டும்."

"பாதை நல்லாத்தான் இருக்கு. சுருக்க வந்துட்டேன்." துண்டால் தலையைத் துடைத்தான். "ஒரு காப்பி போடேன். தலை வலிக்கி."

செல்வலட்சுமி துடைக்கிற அந்தக் கையைப் பார்த்தாள். அவன் அப்பா துவட்டுகிற மாதிரியே இடப்பக்கமிருந்து வலப்பக்கம்.

"இன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுய்யா. யோகேஸ்வரி ஃப்ளாஸ்க்குல இருக்கும், ஊத்திக் குடி."

"அது ஆறிப்போச்சு. சரி, நாளைக்கு?"

"நாளைக்கும் கெடையாது."

"நாளைக்கு என்ன?"

"நாளைக்கு உங்க மாமனுக்கு."

அவன் காலில் ஒட்டிய செம்மண்ணை விரலால் சுரண்டினான். அடுக்களை ஜன்னல் வழியே மகிழந்தெருவின் மேற்குக் கடைசியில் பின் கேட்வரை தெரிந்தது. திறந்த கேட்டில் ஒரு வெள்ளாடு முன்கால் இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று நின்றது. பின்னால் வந்தது அதை முட்டித் தள்ளியது. உள்ளே வந்த ஆடுகள் மாவிலை வாசனை பிடித்துக் கிழக்கே, பந்தலைப் பார்த்து நடந்தன.